ஈஸிசேர் சைக்கிளுக்கு அரைக் காத்து

1. சேருக்குச் சக்கரம்

"பாய், இந்தச் சேருக்கு ரெண்டு சக்கரம் வெச்சுக் குடுங்க."

லஸ்கர் ஏழுமலை என் சைக்கிள் கடை வாசல்ல வந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான். மாட்டுவண்டியில வைக்கோல் மேல படுத்த வாக்குல வந்திருந்தாரு. பக்கத்துல ஒரு ஈஸிசேர் கெடந்துச்சு. நான் சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல.

லஸ்கர்னா அணைக்கட்டுல ஷட்டரை ஏத்தி எறக்கற ஆளு. அவருக்குக் கோமுகி அணையில டியூட்டி. வூடு கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். மழை நாள்ல படியில கால் வழுக்கி விழுந்து நடு இடுப்புல அடி. பெரிய ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்துட்டு வந்தாரு. கையைக் குடுத்துத் தூக்கி விட்டா நிப்பாரு, கொஞ்ச தூரம் நடப்பாரு. நிமிர்ந்து உக்கார முடியாது. குனியவே முடியாது. டவுன் பஸ்ஸுல ஒருவாட்டி ஏறிப் பாத்துருக்காரு. பஸ் குலுக்குன குலுக்கல்ல பாதி வழியில எறங்கி ரோட்டோரம் படுத்துட்டாராம்.

"எங்க இன்ஜினீயரு ஜே.இ. சொல்லிட்டாரு பாய். டியூட்டிக்கு வர முடியலன்னா உடம்பு லாயக்கில்லன்னு மெடிக்கல்ல போட்டு வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். எம் பொண்ணு குமுதா இப்பதான் பெரிய படிப்புக்குப் போவப்போவுது. நான் வூட்டுல உக்காந்தா அதுவும் வூட்டுல உக்கார வேண்டியதுதான்."

"அதுக்கு ஈஸிசேர் இன்னா பண்ணும்?"

"அதுல சாஞ்சிக்கினு காலை ஆட்டிப் பாத்தேன். வலியே இல்ல. காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நிமிர்ந்தாதான் உயிர் போவுது. சாஞ்சிக்கினே மிதிக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

பைத்தியக்கார யோசனைன்னுதான் நெனச்சேன். ஆனா அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. பழைய சைக்கிள் ரெண்டை அறுத்து வெல்டிங் வெச்சோம். முன்னாடி இருபது இஞ்ச் சக்கரம், பின்னாடி இருபத்தாறு. பெடலை முன் சக்கரத்துக்கும் முன்னாடி நீட்டி வெச்சோம். ரெண்டு செயினை வெட்டி ஒட்டி ஒரே நீளச் செயினாக்கினோம். நடுவுல நைலான் வயர் பின்னுன சாய்வு சேர். மடிக்கு மேல ஹேண்டில். ஏறுறதுக்கு மட்டும் ஒரு ஆள் கை குடுக்கணும். ஏறிட்டாருன்னா ராஜா மாதிரி போவாரு.

ஊர்ல அதுக்கு ஈஸிசேர் சைக்கிள்னு பேரு வெச்சுட்டாங்க. "தூங்கிக்கினே டியூட்டிக்குப் போறாருடா லஸ்கரு"ன்னு டீக்கடையில கிண்டல். எவனாவது என் காதுபடச் சொன்னா கத்திடுவேன். லஸ்கர் மட்டும் கைய ஆட்டிட்டுப் போயிடுவாரு.

2. டயர்தான் தலைவலி

வண்டி ஓடிடுச்சு. ஆனா ஒரு வாரத்துல மறுபடியும் என் கடையில நின்னாரு. முகம் கறுத்துப் போயிருந்துச்சு.

சைக்கிள் ஓட்டறவன் யாரா இருந்தாலும் பள்ளம் வந்தா தன்னையறியாம சீட்டுலேர்ந்து எழும்புவான். பள்ளம் காலோட போயிடும், முதுகுக்கு வராது. படுத்து ஓட்டறவன் எங்க எழும்பறது? ரோட்டுல இருக்கற அத்தனை கல்லும் நேரா முதுகெலும்புக்குத்தான் வரும். இதை நான் யோசிச்சே பாக்கல. அவரு வந்து சொன்ன பிறகுதான் புரிஞ்சுது.

ரெண்டாவது தொல்லை முள்ளு. அவரு காலுக்குக் கீழதான் முன் சக்கரம். அது எது மேல ஏறுதுன்னு அவருக்குத் தெரியாது. எங்க பக்கம் வேலிகாத்தான் முள்ளு இல்லாத ரோடு ஏது? நாமன்னா பஞ்சரானா தள்ளிக்கினு போவோம். அவரு குனிஞ்சு வண்டியைத் தூக்க முடியாது, தள்ள முடியாது. யாராவது வர்ற வரைக்கும் படுத்த எடத்துல படுத்துக்கினே கெடக்கணும். அப்படி ஒருநாள் வெயில்ல கெடந்து, டியூட்டிக்கு லேட்டாப் போயி, எல்லார் எதிர்லயும் ஏச்சு வாங்கியிருக்காரு.

ஆக, முள்ளு ஏறக் கூடாது. கல்லும் உறைக்கக் கூடாது. இந்த ரெண்டும் ஒரே டயர்ல வேணும். சொல்றது சுலபம்.

மொதல்ல லோடு வண்டிக்குப் போடற கெட்டி டயர் போட்டுக் குடுத்தேன். முள்ளு ஏறல. ஆனா அந்த டயர் மரக்கட்டை. ரெண்டு நாள்ல, "பாய், பஞ்சரே தேவலை. இதைக் கழட்டிடுங்க"ன்னாரு.

மொபட் டயர் போட்டா இன்னான்னு யோசிச்சேன். அகலம்தான், மெத்துன்னும் இருக்கும். ஆனா கனம். படுத்துக்கினு மிதிக்கற மனுஷன் உடம்பு எடையைப் பெடல் மேல போட முடியாது, தொடை பலம் மட்டும்தான். ஏத்தம் வந்தா நின்னுடுவாரு.

கடைசியில விழுப்புரம் போயி, சைக்கிள் சாமான் மொத்தக் கடையில தேடி, பலூன் டயர் வாங்கியாந்தேன். அகலம் ரெண்டு இஞ்சுக்குக் கிட்ட வரும், சைடு மெலிசு, அமுக்குனா அமுங்கும். அதுக்குப் பழைய ரிம் சேராது. ரிம்மை மாத்தி, புதுசா ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்தேன். டயர் சக்கரத்தைப் புடிக்கற போர்க்குல உரசுச்சு. போர்க்கைக் காய்ச்சி விரிச்சேன். பிரேக் கட்டை எட்டல. அதுக்கு ஒரு நாள் போச்சு. டயர் மாத்தறதுன்னா டயர் மட்டும் மாத்தறது இல்ல, தம்பிங்களா. கடை வெக்கப் போறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க.

முள்ளுக்கு என்ன பண்ணுனேன்னா, தேய்ஞ்ச பழைய டயர் ஒண்ணை எடுத்து, ரெண்டு பக்கக் கம்பியையும் அறுத்துப் போட்டுட்டு, நடுப் பட்டையை மட்டும் வெட்டி டயருக்கும் டியூப்புக்கும் நடுவுல வெச்சேன். இது எல்லாக் கடையிலயும் பண்றதுதான். அவசரத்துல பண்ணா அந்தப் பட்டையோட ஓரமே டியூப்பைக் கிழிச்சுடும். அதனால ஓரத்தைக் கத்தியால சீவி, உப்புத்தாள்ல தேச்சு, தாள் மாதிரி மெலிசாக்கினேன். உள்ள முகப்பவுடரைக் கொட்டித் தடவினேன். என் பீபி, "ஏங்க, எனக்கு வாங்கியாந்த பவுடரை டயருக்கா போடறீங்க"ன்னு ஒரு நாள் பூரா பேசல.

3. காத்து கம்மி

இதுல முக்கியமான விஷயம் டயர் இல்ல, காத்து.

நம்ம ஊர்ல சைக்கிள் டயர்னா கல்லு மாதிரி இருக்கணும். கட்டைவிரலை வெச்சு அமுக்குவோம், அமுங்குனா காத்து கம்மி. அவ்ளோதான் நமக்குத் தெரிஞ்ச கணக்கு. ஒல்லி டயருக்கு அது சரி. பலூன் டயருல கல்லு மாதிரி அடிச்சுட்டா அப்புறம் அந்த அகலம் எதுக்கு? அது மறுபடியும் மரக்கட்டைதான். அமுக்குனா விரல் கொஞ்சம் உள்ள போவணும். அரைக் காத்து. அப்பதான் கல்லு வந்தா டயர் அதை முழுங்கும், முதுகுக்கு அனுப்பாது.

லஸ்கர் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. "வலிக்கல பாய்"ன்னாரு. அத்தனை வருஷத் தொழில்ல அந்த மாதிரி சந்தோஷம் நான் பட்டது கெடையாது.

ஆனா ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் ஒரே சத்தம். "லஸ்கரே, காத்து கம்மி!" "காத்து எறங்கிடுச்சு பாரு!" பொறுப்பான ஜனங்க. கரும்பு டிராக்டர் ஓட்டறவன்கூட வண்டியை நிறுத்திச் சொல்லிட்டுப் போவான். லஸ்கர் எல்லாருக்கும், "தெரியும்பா, தெரியும்பா"ன்னு சொல்லிக்கினே போவாரு. மாசக்கணக்கா இப்படித்தான் போச்சு. பஞ்சரே இல்ல. ஒரு நாள்கூட டியூட்டி தப்பல.

4. மறியல்

அப்பறம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்துச்சு. வட மாவட்டத்துல இருந்தவங்களுக்கு அந்த நாளுங்க மறக்காது. ரோட்டோரப் புளியமரத்தை எல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்க சாய்ச்சுட்டாங்க. மரம் இல்லாத எடத்துல முள்ளுக் கட்டு. பஸ் இல்ல, லாரி இல்ல. கடை எல்லாம் மூடியாச்சு. நானும் மூடிட்டு வூட்டுக்குள்ள இருந்தேன்.

லஸ்கரோட சொந்தக்காரங்க எல்லாரும் மறியல்ல இருந்தாங்க. அவரோட தம்பி பச்சையப்பன் கச்சிராயபாளையத்துக்கு இந்தாண்ட ஒரு மரத்தடியில ஆளுங்களைச் சேத்துக்கினு உக்காந்திருந்தான். அந்த நேரம் பாத்து மலையில நல்ல மழை. அணைக்கு மேல்தண்ணி வந்துகினு இருக்கு. இன்னொரு லஸ்கர் மறியல்ல எங்கியோ மாட்டிக்கினான். அணையில இருந்தது வாட்ச்மேன் ஒருத்தர்தான். எவ்வளவு திறக்கணும்னு அவருக்குத் தெரியாது. நம்ம லஸ்கர் போயே ஆவணும்.

காலையில குமுதா நடந்தே என் வூட்டுக்கு வந்துச்சு. "பாய், அப்பா அணைக்குக் கெளம்பறாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல. வழியில பஞ்சரானா ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க கூடப் போறீங்களா?"

"உங்களுக்கு இன்னாங்க தலையெழுத்து? கல்லு கில்லு வுட்டா யாரு பாக்கறது?"ன்னா என் பீபி. பயம்தான். எனக்கும் இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துட்டு உள்ள உக்காந்திருக்க முடியல. பம்ப்பு, சொல்யூஷன், ஒட்டு எல்லாம் எடுத்துக்கினு என் சைக்கிள்ல கெளம்புனேன்.

லஸ்கரைப் பாத்ததும் கேட்டேன். "உங்க ஜனங்க உங்களுக்காகத்தான் ரோட்டுல உக்காந்துருக்காங்க. நீங்க டியூட்டிக்குப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவனுங்க உக்காந்துருக்கறதும் எம் பொண்ணுக்காகத்தான் பாய். நான் போறதும் எம் பொண்ணுக்காகத்தான்"னாரு. ரெண்டு பேரும் கெளம்புனோம்.

மொத மரத்துக்கிட்ட பசங்க எழுந்து நின்னாங்க. ஒருத்தன், "டேய், லஸ்கர் மாமாடா"ன்னான். அணைக்குத்தான்னு சொன்னதும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு, அவரு படுத்த மேனிக்கே வண்டியோட தூக்கி, மரத்துக்கு அந்தாண்ட வெச்சாங்க. எங்க தர்கா சந்தனக்கூட்டை அப்படித்தான் தூக்குவாங்க. ஒரு பையன் டயரை அமுக்கிப் பாத்துட்டு, "மாமா, காத்து கம்மி"ன்னான். "தெரியும்பா"ன்னாரு லஸ்கர்.

அதுக்கு அந்தாண்ட ரோடு பூரா முள்ளு. அவரு வண்டி அது மேல சரசரன்னு ஏறிப் போச்சு. ஒண்ணும் ஆவல. என் சைக்கிளுக்கு மொத முள்ளுலயே பஞ்சர். ஒட்டுனேன். கொஞ்ச தூரம் போனா மறுபடியும். அடச்சே, அவருக்குத் தொணையா வந்த நான் அவருக்கே பாரமாயிட்டேன். "நீங்க போங்க லஸ்கரே, நான் பின்னாடியே வர்றேன்"ன்னேன். தண்ணி ஏறிக்கினு இருக்குங்கற நெனப்புல அவரும் போயிட்டாரு.

நான் சைக்கிளைத் தள்ளிக்கினு பச்சையப்பன் இருந்த மரத்துக்கு வந்தப்ப, அண்ணன் போயி ரொம்ப நேரம் ஆயிடுச்சு. பச்சையப்பன் முகம் வாடிக் கெடந்துச்சு, தாடி மண்டிப் போயிருந்தான். ஆனா என்னைப் பாத்ததும் சிரிச்சுக்கினே வந்தான்.

"இன்னா பாய், ரெண்டு சக்கரத்துலயும் காத்தே இல்ல. அப்டியா அனுப்புவீங்க எங்கண்ணனை? டீக்கடையில பம்ப்பு வாங்கியாந்து நானே அடிச்சேன். கல்லு மாதிரி அடிச்சு அனுப்பியிருக்கேன். இனிமே அணை வரைக்கும் கவலையில்ல."

அணைக்குப் போற ரோட்டுல தார் போடறதுக்காக ஜல்லி பரப்பி வெச்சிருந்தாங்க. ரோலர் ஓடல, மறியல்ல நின்னு போச்சு. அந்த ஜல்லி மேல, கல்லு மாதிரி டயர்ல, அந்த முதுகோட அவரு போயிருக்காரு.

சைக்கிளை அங்கியே சாத்திட்டு ஓடுனேன்.

5. அணை மேல

நான் போய்ச் சேந்தப்ப தண்ணி செம்மண் கலர்ல பெரிய சத்தத்தோட வெளிய போய்க்கினு இருந்துச்சு. வாட்ச்மேன் ஷட்டர் சக்கரத்தைப் புடிச்சிருந்தாரு. லஸ்கர் கைப்பிடிச் சுவர் ஓரம் வண்டியிலியே படுத்த வாக்குல, "இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்து"ன்னு சொல்லிக்கினு இருந்தாரு. குரல் தெளிவா இருந்துச்சு. கிட்ட போய்ப் பாத்தா உதட்டைக் கடிச்சு ரத்தம். சட்டை பூரா வேர்வை.

டயரை அமுக்கிப் பாத்தேன். விரல் உள்ள போவல. வால்வைத் திருகிக் காத்தை எறக்கும்போது எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

"வழியிலியே காத்தை எறக்கியிருக்கலாம்ல?"

"குனிய முடிஞ்சாத்தானே பாய்."

"அப்ப தம்பி அடிக்கறப்பவே வேணாம்னு சொல்றதுக்கு இன்னா? ஊருக்கே 'தெரியும்பா'ன்னு சொல்ற ஆளுதானே நீங்க!"

அவரு ஷட்டர் பக்கம் ஒருவாட்டி பாத்துக்கினாரு. அப்பறம் மெதுவா சொன்னாரு. "மூணு நாளா ரோட்டுல கெடக்கறான் பாய். சாப்ட்டானோ இல்லியோ. கவர்மெண்ட் டியூட்டிக்குப் போறியேன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல. போயி பம்ப்பு வாங்கியாந்து, என் காலுகிட்ட மண்டி போட்டு உக்காந்து காத்து அடிச்சான். சின்னப் புள்ளையில நான் அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன். இன்னிக்கு அவன் எனக்குக் காத்து அடிக்கறான். அதைப் போயி வேணாம்னு எப்டி சொல்றது?"

நான் வால்வை இறுக்கி மூடுனேன்.

"அவங்கிட்ட எப்பவும் சொல்லாதீங்க பாய்"ன்னாரு.

சரின்னேன்.

6. அதுக்கு அப்பறம்

மறியல் முடிஞ்சு ரோடு திறந்துச்சு. லஸ்கர் படுத்த படுக்கையாயிட்டாரு. எழுந்தப்ப இடது காலுல பலம் இல்ல. டாக்டர்கிட்ட நான் தனியாக் கேட்டேன். "ஏற்கெனவே நசுங்கிக் கெடந்த எடம். இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாள் ஆயிருக்கும்"ன்னாரு. ஆயிருக்கலாம். ஆவாமயும் இருந்திருக்கலாம். அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஆனா வேலை போவல. அந்த மறியல்லயும் ஆளு வந்து நின்னாருன்னு ஜே.இ. மேலதிகாரிங்களுக்கு எழுதினாரு. அணைகிட்டயே குடியிருக்க ஒரு ரூம் குடுத்து, தண்ணி அளவு பாத்துச் சொல்ற லேசான வேலை போட்டாங்க. ரிட்டயர் ஆவற வரைக்கும் அதுலதான் இருந்தாரு. குமுதா படிச்சு நர்ஸ் ஆச்சு. தம்பி போராடுனதுனாலயா, அண்ணன் டியூட்டி பாத்ததுனாலயான்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும்தான்னு நான் நெனச்சுக்குவேன். ஈஸிசேர் சைக்கிளை அவரு மறுபடியும் ஓட்டல.

தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு நான் சொல்றது இதுதான். அகல டயர் போட்டுக் குடுக்கறீங்கன்னா ஓட்டறவருக்கு மட்டும் காத்து அளவு சொல்லிட்டு விட்டுடாதீங்க. அவரு மேல பாசம் இருக்கறவங்க யாரு யாருன்னு கேட்டு, அவங்க எல்லார் விரலையும் புடிச்சு டயர் மேல வெச்சு, இவ்ளோதான் அமுங்கணும்னு காட்டுங்க. வேண்டாதவன் முள்ளு போடுவான், அதுக்கு உள்ள ஒரு பட்டை வெச்சுடலாம். பாசத்துல காத்து அடிக்கறவனுக்கு என்ன வெக்கறது? அதுக்குச் சாமான் எந்தக் கடையிலயும் இல்ல. அன்னிலேர்ந்து பலூன் டயர் போட்ட எந்த வண்டியையும், மட்கார்டுல வெள்ளைப் பெயிண்டுல 'அரைக் காத்து போதும்'னு எழுதாம நான் வெளிய விட்டது கெடையாது.

போன வருஷம் லஸ்கர் காலமாயிட்டாரு. நான் போயிருந்தேன். அவரைக் குளிப்பாட்டி வெச்சிருந்தாங்க. பச்சையப்பனுக்கும் வயசாயிடுச்சு. பந்தலுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லி அழுதுகினு இருந்தான். மறியல் நாள்ல அண்ணன் வந்தது, ரெண்டு சக்கரத்துலயும் காத்தே இல்லாதது, தான் பம்ப்பு வாங்கியாந்தது.

என்னைப் பாத்ததும் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கினான். "பாய், நீங்களே சொல்லுங்க. எங்கண்ணனுக்கு நான் வேற இன்னா செஞ்சேன்? அந்த ஒண்ணுதான் செஞ்சேன். அன்னிக்கு நான் காத்து அடிக்கலன்னா அவரு அணைக்குப் போயிருப்பாரா?"

குமுதா என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. அதுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

"போயிருக்க மாட்டாருப்பா"ன்னேன்.